மர்ஸூக் ஹாஜியாரின் ட்ரில் மெஷினும் எனது சாரனும்

பெயர்: காசிம் அத்தாஉல்லா. வயது: 53. தொழில்: உப்பள அலுவலகமொன்றில் லிகிதர். முகவரி: பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வீதியில் இரண்டாவது கிலோமீற்றர், பள்ளிவாசலுக்குப் பின்பக்க ஒழுங்கை, நான்காவது வீடு. திகதி: 2018.09.15, சனிக்கிழமை. நேரம்: பிற்பகல் 2.10. பதிபவர்: சார்ஜன்ட் நிக்கொலஸ்.

நான் மேற்படி முகவரியில் மனைவி றைஸாவுடனும் ஒரே மகள் நிஃப்லாவுடனும் வசித்து வருகிறேன். இந்த முறைப்பாடு பற்றி எதைச் சொல்வதற்கு முன்னரும் ஒன்றை நானாகவே ஒப்புக்கொள்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில், எனது மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏழு பேர் எனது வீட்டினுள் நுழைந்தபோது எனது இடுப்பில் சாரன் இருக்கவில்லை. சாரன் ஒரு ட்ரில் மெஷினில் இருந்தது. உள்ளே நான் அணிந்திருந்தது உப்பளத்து விளையாட்டு விழாவில் கொடுத்த மஞ்சள் நிறக் கட்டைக் காற்சட்டை. அதன் பின்பக்கத்தில் 'கயிறிழுத்தல் – ஆ அணி' என்று கறுப்பு எழுத்தில் இருக்கிறது. அந்தப் போட்டியில் நாங்கள் தோற்றோம். தேவையானதை மட்டும் சொல்லும்படி சார்ஜன்ட் அவர்கள் கூறினார். காற்சட்டை தேவையானதுதான்.

நான் பிறந்தது மன்னாரில். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லோருடனும் சேர்ந்து இங்கே வந்தேன். வந்து பதினாறு வருடங்கள் அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்தேன். கொட்டிலில் எதையும் துளைத்து மாட்டுவதில்லை, எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுவதுதான். எனவே முடிச்சுப் போடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, சுவரில் ஓட்டை போடுவதில் அறவே இல்லை. அதன் பின்னர் கல்வீடு கட்டத் தொடங்கினேன், ஓர் அறை எழும்ப நான்கு வருடம் சென்றது. கடைசி அறைக்கு இந்த வருடம்தான் பூச்சு முடிந்தது. அதுதான் மகளுக்கு என்று வைத்த அறை.

மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் பெயர் ஹுனைஸ். அவருடைய தாயார் மர்ளியா. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புத்தளத்தில் இருப்பவர்கள். எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டார்தான் வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வந்து அங்கே இருப்பார். அதனால் நாள் குறிப்பதற்கு முன்னர் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் அலுமாரியைத் திறந்து பார்ப்பது, பாத்ரூம் தண்ணீரைத் திறந்து பார்ப்பது, சுவரைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான். மாப்பிள்ளைக்குச் சாச்சி, அதாவது சின்னம்மா முறையான ஒருவர், "காம்ப்ல இருந்த ஆக்களா, வீடு எப்பிடி இருக்குமோ?" என்று ஓரிடத்தில் கதைத்ததாக எனக்குத் தெரியவந்தது. எனக்குத் தெரியவராத கதை இந்தப் பகுதியில் குறைவு. மகளோ, இந்த இடம் தவறினால் தனக்கு வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் அன்று மாலைக்குள் பாலாவி முழுவதும் தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அறையில் இன்னும் செய்ய வேண்டியிருந்தது ஏழு ஓட்டைகள். யன்னல் திரைச்சீலைக் கம்பிக்கு நான்கு, உடுப்புக் கொளுக்கிப் பலகைக்கு இரண்டு, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒன்று. அதற்காகத் தச்சு வேலை செய்யும் பதுர்தீன் பாஸிடம் சென்றேன். அவரிடம் குவைத்திலிருந்து வந்த நீல நிற ட்ரில் மெஷின் ஒன்று இருபது வருடமாக இருக்கிறது. அதைத் தூக்கினால் தோள் ஒரு பக்கம் இறங்கும், ஆனால் சுவரில் வைத்தால் பாணில் கத்தி இறங்குவது போல இறங்கும். துரதிர்ஷ்டவசமாக, நோன்புப் பெருநாள் நேரத்தில் தேநீர்க் கடையொன்றில், பதுர்தீன் பாஸ் செய்த கதவை மூட இரண்டு பேர் வேண்டும், திரும்பத் திறக்கக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அது அவருடைய காதுக்குப் போயிருந்தது. அவர் சீவுளியை நிறுத்தாமலே, "லிகிதருக்கு மெஷின் எதுக்கு? நாக்க வெச்சு அமத்துங்க, சுவர் தானா ஓட்டையாகும்" என்றார். நான் திரும்பி வந்தேன்.

அதன் பின்னர் எனது மனைவி, "மர்ஸூக் ஹாஜியார்ட கடையில ஒரு மெஷின் எடுங்க. அவங்கட கடையில எடுத்த எண்டா மாப்பிள்ளைட உம்மாக்கும் சந்தோசமா இருக்கும்" என்றார். மர்ஸூக் ஹாஜியார் மாப்பிள்ளையின் தாய் மாமன், மர்ளியாவின் மூத்த சகோதரர். பாலாவிச் சந்தியில் 'எல்லாம் மலிவு' என்ற கடையை நடத்துபவர். இப்போது எனக்கெதிராக முறைப்பாடு செய்திருப்பவரும் அவரே. சம்பந்தம் பேசிய இடத்தில் கடை இருக்கும்போது வேறு கடைக்குப் போவது அவமதிப்பாக எடுக்கப்படும் என்பதால், புத்தளம் டவுனில் நல்ல ஹார்ட்வெயார் கடைகள் இருந்தும் நான் அங்கேதான் சென்றேன்.

இதற்கு முன்னரும் வேறு மலிவுக் கடைகளில் மூன்று மெஷின்கள் வாங்கியிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒன்று கிரைண்டர், முதல் நாளே அதன் மூடி கழன்று பறந்து கோழிக்கூட்டுக்குள் போனது, இப்போது குசினிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை வைத்திருக்கிறோம். அடுத்தது பலகை தேய்க்கும் மெஷின், அது பலகையைத் தொடாமல் எனது உள்ளங்கையைத் தேய்த்தது. மூன்றாவது பற்றரியில் ஓடும் ஸ்க்ரூ முறுக்கி. இரண்டு ஸ்க்ரூ முறுக்கியது, மூன்றாவதில் பாதியில் நின்றது. பாதி வெளியே நிற்கும் அந்த ஸ்க்ரூவில்தான் எனது தொப்பியைக் கொழுவுகிறேன். இவ்வளவுக்கும் பின்னர் ஏன் மீண்டும் போனீர் என்று சார்ஜன்ட் அவர்கள் கேட்டார். மலிவு என்ற சொல்லைக் கண்டால் எனது கால் தானாக நிற்கும் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கடைக்குச் சென்றேன். மெஷின்கள் பிளாஸ்டிக் பூக்களுக்கும் எலிப்பொறிகளுக்கும் நடுவில் அடுக்கப்பட்டிருந்தன. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த மெஷினின் நிறம் வேறு, உள்ளே இருந்ததன் நிறம் வேறு. நான் தயங்கியதைக் கண்ட மர்ஸூக் ஹாஜியார், "பாஸ்மாருக்குத்தான் மச்சான் பெரிய மெஷின் வேணும். வீட்டு வேலைக்கு இது போதும். நாம என்ன கப்பலா கட்டப் போற?" என்றார். அவர் என்னை மச்சான் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக அவர் அன்று எலிப்பொறியைக் காட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மண்ணெண்ணெயில் ஊறிய பழைய செருப்பின் மணம் வந்தது. அந்த மணம் இன்றுவரை கையை விட்டுப் போகவில்லை, கையால் சோறு சாப்பிட அருவருப்பாக இருக்கிறது. பெட்டியின் கொளுக்கி முதல் தடவையே கையோடு கழன்று வந்தது. வயர் ஆடு கட்டும் கயிற்றிலும் கட்டை. பிடியில் கை வைத்த இடமெல்லாம் கறுப்பாக ஒட்டியது. கூட வந்த தாளில் இருந்தது முழுவதும் சீன எழுத்து, ஒரு மனிதனுக்கு விளங்கக்கூடிய அடையாளம் ஒன்றுகூட அந்த மெஷின் சம்பந்தமாக எங்கேயும் இருக்கவில்லை. தாளை மடித்து ஆடிக்கொண்டிருந்த கதிரையின் காலுக்குக் கீழே வைத்தேன். அந்தப் பெட்டியில் வந்ததில் பிரயோசனப்பட்டது அது ஒன்றுதான்.

நேற்று ஜும்மா முடிந்து சாப்பிட்ட பின்னர், சுமார் இரண்டரை மணிக்கு யன்னலுக்கு மேலே முதல் ஓட்டையைத் தொடங்கினேன். மாப்பிள்ளை வீட்டார் அஸர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மெஷின் பெரிய சத்தத்துடன் சுற்றியது. கம்பி சிவந்தது. புகை வந்தது. கையை எடுத்துப் பார்த்தபோது சுவரில் ஓட்டை இல்லை, பிள்ளைக்கு வைப்பது போல ஒரு கறுத்தப் பொட்டு மட்டும் இருந்தது. அதன் பின்னர் வேறு கம்பி மாட்டினேன். அதுவும் அப்படியே. பெட்டியில் வந்த மூன்று கம்பிகளும் நுனி மழுங்கி மெழுகுதிரி போல் ஆகிவிட்டன. புதிய பூச்சின் மேல் நான்கு கறுத்தப் பொட்டுகள். எனது மனைவி வாசலில் வந்து நின்று, "நிஃப்லாட வாப்பா, எரியிறது சுவரா மெஷினா?" என்று கேட்டார்.

அதன் பின்னர் நான் கதிரையிலிருந்து இறங்கி, கண்ணாடிக்கான ஓட்டையை நெஞ்சு உயரத்தில் முயற்சித்தேன். கையால் அமத்திப் பயனில்லாததால் மெஷினின் பின்பக்கத்தை வயிற்றில் வைத்து உடம்பு முழுவதையும் சாய்த்து அமத்தினேன். எனது உடம்பு தொண்ணூற்றிரண்டு கிலோ. பிடியின் பக்கத்தில் ஒரு சிறிய பொத்தான் இருந்தது, அதை அமத்தினால் விரலை எடுத்தாலும் மெஷின் நிற்காது. வயிற்றால் அமத்தியபோது அது அமர்ந்துவிட்டது எனக்குத் தெரியாது. கம்பி சுவரில் இறங்காமல் வழுக்கியது. மெஷின் கையிலிருந்து திரும்பி எனது சாரனின் கரையைப் பிடித்தது. உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைச் சார்ஜன்ட் அவர்கள் பார்த்திருப்பார். வலை எப்படிச் சுருண்டு சுருண்டு கரைக்கு ஏறுமோ அப்படிச் சாரன் கம்பியில் சுருண்டது, மெஷின் எனது முழங்காலிலிருந்து மேலே ஏறியது. அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்கு விளங்கியது. பதினாறு வருடம் கொட்டிலில் கட்டிப் பழகிய முடிச்சை ஒரு வினாடியில் அவிழ்த்து விட்டேன். மெஷின் சாரனோடு நிலத்தில் விழுந்து அறை முழுவதும் சுற்றியது. நான் கட்டிலின் மேல் ஏறினேன். மகளின் புதிய கட்டில். அந்த நேரத்தில்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

அஸருக்கு முன்னரே வந்ததற்குக் காரணம், வரும் வழியில் மழை இருட்டியதாம். வான் வந்த சத்தம் மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. முன்னுக்கு நின்றவர் மர்ளியா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் மரியாதைக்காகத் திரும்பினேன். திரும்பியதால்தான் பின்பக்கத்து எழுத்தை எல்லோரும் வாசித்தார்கள். எனது மனைவி ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. மேலே சொன்ன சாச்சி, "வீடு பாக்கத்தான் வந்த. வீட்டுக்காரரயும் பாத்தாச்சு" என்றார். அதன் பின்னர் முன் மண்டபத்தில் இருந்து தேநீர் பாதி குடித்தார்கள். எனது மனைவி விடியற்காலையில் எழும்பி அவித்த வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை. சுவரை யாரும் தட்டிப் பார்க்கவில்லை, பொட்டுகளை மட்டும் பார்த்தார்கள். போகும்போது மர்ளியா, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

இன்று காலை எனது மகள் சாப்பிடவில்லை. மெஷினிலிருந்து எனது சாரனைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, கழுவி, காயவைத்து, மடித்து எனது கதிரையில் வைத்திருந்தாள். ஒன்பது துண்டுகள்.

அதன் பின்னர் நான் இருந்து யோசித்தேன். நடந்ததற்கு இரண்டு காரணம்தான் சொல்லலாம். மெஷின் குப்பையாக இருக்க வேண்டும், அல்லது பெண்ணின் தகப்பன் குப்பையாக இருக்க வேண்டும். மெஷின் குப்பை என்று மர்ஸூக் ஹாஜியார் தன் சகோதரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் மகளின் காரியம் தப்பும். விற்றவரே சொன்னால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆகவே மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பத்து மணியளவில் கடைக்குச் சென்றேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. வட்டிலப்பத்திலும் ஒரு பெட்டி கொண்டுபோனேன்.

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். ஹாஜியார் என்னைக் கண்டதும், "வாங்க கயிறிழுத்தல். இண்டைக்குச் சாரன் இறுக்கமாத்தான் கட்டியிருக்கீங்க போல" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரில் எல்லோரையும் பற்றி நான் சொன்ன பகிடிகளுக்கு மற்றவர்கள் இப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பின்னர் எங்களுக்குள் நடந்த கதை இதுதான். நான், "ஹாஜியார், மர்ளியாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, பிழை மெஷின்லதான் எண்டு" என்றேன். அவர், "எண்ட கடைச் சாமான் குப்பை எண்டு எண்ட வாயால சொல்லவா?" என்றார். "அப்ப நான் குப்பையா?" என்றேன். "அத நான் சொல்ல இல்ல. இதே மெஷின் எத்தின பேர் கொண்டுபோன. ஒருத்தரும் சாரன் இல்லாம வர இல்ல" என்றார்.

அதனால் எல்லோர் முன்னிலையிலும் காட்டுவோம் என்று நான் சொன்னேன். அவரும் சம்மதித்து, தானே ஒரு புதிய கம்பியும் பலகைத் துண்டும் எடுத்துத் தந்தார். மேசை இல்லாததால் பலகையைக் கண்ணாடி அலுமாரியில் சாய்த்து நிறுத்தினேன். அலுமாரியினுள் கைக்கடிகாரங்களும் அத்தர் போத்தல்களும் இருந்தன. மெஷினைப் போட்டேன். புகை வந்தது, ஓட்டை வரவில்லை. "பாத்தீங்களா" என்றேன். "அமத்துங்க" என்றார். அமத்தினேன். "இன்னும் அமத்துங்க லிகிதர், சாப்பிட இல்லயா?" என்றார். உடம்பைச் சாய்த்து அமத்தினேன். கம்பி வழுக்கியது. அதன் பின்னர் நடந்தது முறைப்பாட்டில் சரியாக எழுதப்பட்டிருக்கிறது, அதாவது கண்ணாடி முழுவதும் உடைந்தது, அத்தர் போத்தல்கள் கொட்டின. ஆனால் ஆத்திரத்தில் வேண்டுமென்று உடைத்தேன் என்பது பொய். உடைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அந்த மெஷினால் முடிந்திருக்காது. இருபது வகை அத்தரும் எரிந்த மரமும் மண்ணெண்ணெய்ச் செருப்பும் கலந்த மணம் இப்போது எனது சட்டையில் இருக்கிறது. சார்ஜன்ட் அவர்கள் யன்னலைத் திறந்தது அதனால்தான்.

வீட்டுப் பாவனைக்கு இப்படிப்பட்ட மலிவு மெஷின் வாங்குவது புத்தியா என்று சார்ஜன்ட் அவர்கள் கேட்டார். தானும் ஒன்று வாங்க நினைத்திருப்பதாகச் சொன்னார். இது முறைப்பாட்டுக்குச் சேராது என்றாலும் பதில் சொல்கிறேன். வேண்டாம். வருடத்தில் ஏழு ஓட்டை போடுகிற மனிதனுக்கு மெஷின் தேவையில்லை, மெஷின் வைத்திருக்கிற ஒருவருடன் பகை இல்லாமல் இருப்பதுதான் தேவை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் கடன் பட்டாவது நல்லதை வாங்க வேண்டும். இவை மெஷின்கள் அல்ல, மெஷின் போல உருவம் செய்து சத்தம் வைத்த பொம்மைகள். பதுர்தீன் பாஸிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் எனக்கு எல்லாவற்றிலும் மலிவாக முடிந்திருக்கும். அது ஒன்றைத்தான் நான் விலை கேட்டுப் பார்க்கவில்லை.

மர்ஸூக் ஹாஜியாரின் கண்ணாடியைப் போட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிழை மெஷினில் என்று இந்தப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும், அதை மாப்பிள்ளை வீட்டார் அறிய வேண்டும். மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, அனைத்தும் நான் அறிந்த உண்மை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கா. அத்தாஉல்லா

மேலதிகமாகப் பதியப்பட்டது, பிற்பகல் 3.40:

நான் கையொப்பமிட்ட பின்னர், சான்றுப் பொருளுக்கு இலக்கம் ஒட்டுவதற்காகச் சார்ஜன்ட் நிக்கொலஸ் அவர்கள் மெஷினைக் கையில் எடுத்தார். விசைக்கு மேலே இருக்கும் ஒரு சிறிய தட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் அதை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குத் தள்ளினார். அதன் பின்னர் வயரைச் செருகி, ஹாஜியார் சான்றாகக் கொண்டுவந்திருந்த பலகைத் துண்டில், அந்தக் கம்பியையே வைத்து, ஒரு கையால் அமத்தினார். நான்கு எண்ணுவதற்குள் கம்பி மறுபக்கம் வந்தது. புகை இல்லை. நேற்று முதல் மெஷின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்ததாக அவர் எனக்கு விளக்கினார்.

சத்தம் கேட்டு, வெளியே நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்த மர்ஸூக் ஹாஜியார் வாசலுக்கு வந்தார். ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதன் பின்னர் போனை எடுத்து, எனது முன்னிலையிலேயே, "மர்ளியா, மெஷின்ல ஒரு பிழையும் இல்ல. ஓம். மனிசன்லயும் பெரிசா ஒண்டும் இல்ல, பின்னுக்குச் சுத்த விட்டிருக்காரு. வீட்ட நேரா இன்னொருக்காப் போய்ப் பாருங்க. ஓட்டைய நான் போட்டுக் குடுக்கிறன்" என்று கூறினார். முறைப்பாட்டைத் தொடர விருப்பமில்லை என்றும் சொன்னார். போகும்போது எனது பையில் இன்னும் இருந்த வட்டிலப்பப் பெட்டியைக் கேட்டார், கொடுத்தேன்.

பிழை மெஷினில் என்று நான் கூறிய பகுதியை வெட்டிவிடும்படி கேட்டேன். பதிந்ததை வெட்ட முடியாது, வேண்டுமானால் மேலதிகமாக ஒன்றைச் சேர்க்கலாம் என்று சார்ஜன்ட் அவர்கள் கூறினார். ஆகவே சேர்க்கிறேன். மேற்படி சிறிய தட்டின் இரண்டு பக்கத்திலும் இரண்டு அம்புக்குறிகள் உள்ளன. அவை சீன எழுத்தில் இல்லை.

(ஒப்பம்) கா. அத்தாஉல்லா